ஒரு உத்தரணி ஜலம்

நேர்ந்துகொண்டது அவர். நடக்கப்போவது நான். நடந்து முடித்ததும் அதையும் அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். அப்படியென்றால் இதில் நான் யார், வண்டியா?

பட்டு இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. இரும்புச் சட்டியில் அவல் வறுபட்டுக்கொண்டிருந்தது. பண்டரிபுரத்து நடைக்கு வேண்டியதை மூன்று நாளாகத் தயார் செய்துகொண்டிருந்தாள். வறுத்த அவல், பொரிமா, உப்பில் ஊறிக் காய்ந்த நார்த்தங்காய், ஒரு பொட்டலம் சுக்குப் பொடி. பிறத்தியார் சமைத்ததைச் சாப்பிட்டுப் பழகாத வயிறு. கூடத்தில் ஸ்வாமிநாதன், ராஸ்தா பேட்டிலிருக்கும் மகாதேவ வாத்தியாரிடம் ஃபோனில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். அவர் எப்போதும் அப்படித்தான். ராணுவத் தொழிற்சாலை ஸ்டோர்ஸில் முப்பது வருஷம் இரும்புச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, ஓய்வு பெற்ற பிறகும் குரல் இறங்கவில்லை.

புணேயை ஒட்டிய நிக்டியில் அவர்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் பம்பாய் சாலை. ஒவ்வொரு ஜூனிலும் தேஹுவிலிருந்து கிளம்பும் துக்காராம் மகராஜின் பால்கி, அவர் பாதுகை வைத்த பல்லக்கு, அந்தச் சாலை வழியாகத்தான் போகும். பின்னால் லட்சம் பேர் நடப்பார்கள். வெள்ளைக் குல்லாயும் வேட்டியுமாக ஆண்கள், கச்சம் வைத்துக் கட்டிய பெண்கள், தலையில் துளசி மாடம், கையில் தாளம். இருபத்திரண்டு வருஷமாகப் பட்டு அந்தச் சாலையோரத்தில் ஒரு பக்கெட் நீர்மோரோடு நின்றிருக்கிறாள். போன வருஷம் ஸ்வாமிநாதனும் வந்து நின்றார். பிள்ளை பத்ரிக்கு அமெரிக்க விசா இரண்டு தடவை மறுக்கப்பட்டிருந்த சமயம். பக்கத்து வீட்டு ஜோஷி, அடுத்த தெரு பாஸ்கர் எல்லோர் காதிலும் விழும்படி, பத்ரி விமானம் ஏறிவிட்டால் அடுத்த வருஷம் இந்தக் கூட்டத்தோடு பண்டரிபுரம் வரைக்கும் நடப்பதாக நேர்ந்துகொண்டார்.

ஜனவரியில் பத்ரி விமானம் ஏறினான். ஏப்ரலில் அவருக்கு முழங்கால் வலி வந்தது. வலி பொய்யில்லை. டாக்டர் படம் எடுத்துக் காட்டினார். ஆனால் பத்ரி போன பிறகுதான் வந்தது என்பதும் பொய்யில்லை.

ஃபோனை வைத்துவிட்டு அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"பத்தினி நடந்தா பர்த்தா நடந்ததுக்குச் சமம்னுட்டார் வாத்தியார். நடந்து முடிச்சதும் ஒரு உத்தரணி ஜலம் என் கையில விட்டு, ந மமன்னு சொல்லிடணும். அவ்வளவுதான். பலன் எனக்கு வந்துடும்."

ந மம. என்னுடையதல்ல. ஹோமத்திலும் தானத்திலும் அவர் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அவளாகச் சொன்னதில்லை.

"சரி" என்றாள். இருபத்தெட்டு வருஷமாகச் சொல்லிப் பழகிய சொல். இந்தத் தடவை அதை அவ்வளவு வேகமாகச் சொன்னதற்கு வேறு காரணம் இருந்தது. முந்தின நாளே ஜோஷியின் மனைவி, ஜோஷி காகுவிடம், பால்கி தாபோடி வழியாகத்தானே புணே போகும் என்று கேட்டு வைத்திருந்தாள்.

ஆகுர்டியில், காலை ஆறு மணிக்கு, தூறலில் அவளை ஒரு திண்டியோடு சேர்த்துவிட்டுப் போனார் ஸ்வாமிநாதன். திண்டி என்பது இங்கே தின்பதற்கில்லை, சேர்ந்து நடக்கும் கூட்டத்துக்குப் பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு லாரி உண்டு, அதில் கூடாரம், அடுப்பு, சாமான். ஜோஷி காகுவின் ஊர்த் திண்டி இது. இருநூறு பேர். மராட்டியைத் தவிர வேறு சத்தமில்லை. காய்கறிக் கடைக்கும் பாத்திரக்காரிக்கும் போதுமான மராட்டிதான் பட்டுவுக்குத் தெரியும்.

பெண்கள் மூன்று மூன்று பேராக வரிசை கட்டினார்கள். அவள் பக்கத்தில் வந்து நின்றவளுக்கு நாற்பது வயதிருக்கும். கறுத்து, உலர்ந்து, சுருட்டிக் கட்டின சேலை. பட்டுவின் கால் செருப்பைப் பார்த்தாள்.

"இந்தச் செருப்பு ஆவாதும்மா. நாளைக்குள்ள கொப்புளம் போட்டுரும்."

தமிழ். பட்டு திரும்பிப் பார்த்தாள்.

"என்னைத் தெரியிதா?" என்றாள் அவள். "போன வருசம் உங்க கையால மோர் குடிச்சேன். அதுக்கு மொத வருசமும். நிக்டி ரோட்டுல. நீங்க கை படாம ஒசத்தி ஊத்துவீங்க. நான் ரெண்டு கையையும் குவிச்சிப் புடிப்பேன். பாதி மூஞ்சில கொட்டும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பட்டுவுக்குச் சிரிக்க வரவில்லை. பெயர் கேட்டாள்.

"பவுன். திருவண்ணாமல பக்கம். இங்க வந்து பதினாறு வருசம் ஆச்சு."

போசரியில் பம்பு செய்யும் ஒரு பட்டறையில் பவுனுக்கு வேலை. வார்ப்பில் வரும் இரும்புக்கு ஓரமெல்லாம் பிசிறு இருக்கும். அரத்தால் அதைத் தேய்த்து எடுக்க வேண்டும். காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை. அவள் உள்ளங்கைக் கோடுகளில் இரும்புத் தூள் ஏறி, பச்சை குத்தினது போல் கறுப்பாக நின்றிருந்தது. எதனால் இந்த நடைக்கு வந்தாள் என்று பட்டு கேட்டதற்கு, "சேட்டு அனுப்பிச்சாரு" என்றாள். பட்டறை முதலாளியின் தாயார் வருஷா வருஷம் நடந்தவள். அவள் போன பிறகு வழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று பட்டறையிலிருந்து ஓர் ஆளை அனுப்புகிறார். மூன்று வருஷமாகப் பவுன்தான் அந்த ஆள். மூன்று வாரம் சம்பளத்தோடு லீவு.

"நீங்க யாருக்காவம்மா நடக்குறீங்க?"

"ஆத்துக்காரர் வேண்டிண்டார்" என்றாள் பட்டு.

"அப்ப நீங்களும் என்னாட்டந்தான்."

அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. அவல் வறுக்கும்போது தானே நினைத்ததை இவள் நடுரோட்டில் சொல்லிவிட்டாள். தான் நினைத்தபோது அது துக்கமாக இருந்தது. இவள் சொன்னபோது அவமானமாக இருந்தது.

பிம்ப்ரி தாண்டி, காசர்வாடி தாண்டி, தாபோடி வந்தபோது பத்தரை மணி. தூறல் விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. தாபோடியில் வலது பக்கம் திரும்பி ஆற்றைக் கடந்தால் சாங்வி. பார்கவி அங்கேதான் இருந்தாள்.

பார்கவி மூத்தவள். பத்ரிக்கு நாலு வயது பெரியவள். தொண்ணூற்றைந்தில், கூட வேலை பார்த்த மராட்டிக்காரனை ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டாள். சேதி வந்த அன்றைக்கு ஸ்வாமிநாதன் தலை முழுகினார். நிஜமாகவே, கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து மூன்று பக்கெட் ஊற்றிக்கொண்டார். பட்டுதான் துண்டு எடுத்துக் கொடுத்தாள். நிக்டியிலிருந்து சாங்விக்கு முக்கால் மணி நேரம் பஸ். ஆறு வருஷமாக அவள் அந்த பஸ்ஸில் ஏறவில்லை.

சாலையின் இரு பக்கமும் உள்ளூர்ச் சங்கத்துக்காரர்கள் பந்தல் போட்டிருந்தார்கள். வாழைப்பழம், டீ, அறுந்த செருப்புக்குத் தையல். வாரி என்னும் இந்த நடையில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் யார் காலையும் தொடலாம். பெரியவர், சின்னவர், சாதி எதுவும் இல்லை. ஒருவர் குனிந்து தொட்டால் மற்றவரும் பதிலுக்குக் குனிந்து தொட வேண்டும். பந்தல் முன்னால் பெண்கள் வரிசையாக நின்று, நடந்து வருபவர் ஒவ்வொருவர் காலையும் தொட்டுக் கும்பிட்டு, கையில் கீரைவிதையில் பிடித்த ராஜ்கிரா லட்டு இரண்டு கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதாக நின்றவள் பார்கவி.

இளைத்திருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள், அது புதிசு. குனிந்த தலை நிமிராமல் ஒவ்வொரு காலாகப் பார்த்துத் தொட்டுக்கொண்டே வந்தாள். பட்டுவுக்குக் கால் நகரவில்லை. பின்னாலிருந்தவர்கள் தள்ளினார்கள்.

பட்டுவின் வலது புறங்காலில் பழைய வடு ஒன்று இருந்தது. ஆறு வயதில் பார்கவி, உதவி செய்கிறேன் என்று வந்து வடிகஞ்சிச் சட்டியைக் கவிழ்த்ததில் வெந்தது. வெள்ளையாக, ஓரம் சுருங்கி, வெற்றிலை அகலத்துக்கு இருக்கும்.

பார்கவியின் கை அந்த வடுவின் மேல் வந்து நின்றது. கட்டைவிரல் ஒரு தடவை, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் தடவியது. அதற்குள் எவ்வளவு நேரம் போயிற்றோ. பிறகு அவள் எழுந்து, முகத்தைப் பார்க்காமல், பட்டுவின் கையில் இரண்டு லட்டுகளை வைத்தாள். ஒன்றும் கூடுதலாக இல்லை. எல்லோருக்கும் போல இரண்டுதான். அடுத்து வந்த பவுனிடம் நகர்ந்துவிட்டாள்.

பட்டு பதிலுக்குக் குனிந்தாள். அவள் விரல் ஈரத் தாரில் பட்டது. அங்கே கால் எதுவும் இல்லை.

சிறிது தூரம் போன பிறகு பவுன் கேட்டாள், "அந்தப் பொண்ணு இன்னாம்மா உங்க காலையே புடிச்சிக்கினு கெடந்திச்சி?"

"தெரியலை" என்றாள் பட்டு.

லோணி காள்போரை எட்டுவதற்குள் பட்டுவின் இரண்டு குதிகாலிலும் கொப்புளம். மழை புணேயோடு நின்றுவிட்டது. கிழக்கே போகப் போக வெறும் புழுதி. பவுன் ஊசியில் நூல் கோத்து, எண்ணெயில் முக்கி, கொப்புளத்துக்குள் ஒரு பக்கம் விட்டு மறு பக்கம் எடுத்தாள். நூலை அப்படியே உள்ளே விட்டுக் கத்தரித்தாள். தண்ணீர் நூல் வழியாகக் கசிந்து வடிந்துவிடும், தோல் உரியாது.

"மொத நாளு வீங்கும். ரெண்டா நாளு ஒடையும். மூணா நாளு, நீங்க யாரு, எந்தூரு, எல்லாம் காலுக்கு மறந்துபூடும்" என்றாள்.

பட்டுவின் பாதம் அவள் மடியில் இருந்தது. இழுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதே என்று வெட்கமாகவும் இருந்தது. இழுத்துக்கொள்ளவில்லை.

அவல் டப்பாவை அவள் நான்காம் நாள் வரைக்கும் விடவில்லை. திண்டியில் மத்தியானம் வரிசையாக உட்கார்த்தி வைத்துச் சோறும் பருப்பும் போடும்போது, அவள் ஒதுங்கிப் போய் அவலை நனைத்துக்கொண்டிருப்பாள். யவத் கிராமத்தில் ஊரே சேர்ந்து கடலைமாவைக் கிளறிப் பிட்லாவும், பாக்ரி என்கிற சோள ரொட்டியும் தயாரித்துக் காத்திருந்தது. ஊர்க்காரர்கள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். பட்டுவுக்கு அன்று காலையிலிருந்தே கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு வேப்ப மரத்தடியில் சாய்ந்துவிட்டாள். கண் திறந்தபோது பவுன் எதிரில் குந்தியிருந்தாள். அவள் தட்டில் பாக்ரி. பாதி தின்றது.

"வேற வாங்கியாரட்டுமா, இதயே துன்றீங்களா?" என்று கேட்டாள். கேட்ட விதத்தில் கொஞ்சம் சீண்டல் இருந்தது.

பட்டு கை நீட்டி அந்தத் தட்டிலிருந்தே பிய்த்துத் தின்றாள். பிட்லாவில் பூண்டு. வாழ்நாளில் வீட்டுக்குள் விடாத பூண்டு. தொண்டையை அடைத்தது, பசி அதைத் தள்ளிக்கொண்டு இறங்கியது. பவுன் தண்ணீர்ச் செம்பை எடுத்து, எழுந்து நின்று, உயரத் தூக்கிச் சரித்தாள். பட்டு இரண்டு கையையும் குவித்தாள். பாதி முகத்தில் கொட்டியது.

"இப்ப சரியாப் போச்சுக்கா" என்றாள் பவுன். அம்மா அன்றிலிருந்து அக்கா ஆயிற்று.

உண்டவடிக்குப் போகும் சாலையில் மரமே கிடையாது. கரிசல் நிலம் விதைக்காமல் வெடித்துக் கிடந்தது. காற்று முகத்தில் மண்ணை அள்ளி அடித்தது. அங்கேதான் பட்டு சொன்னாள். யாரிடமும் சொல்லாதது. பக்கத்தில் நடப்பவளின் முகத்தைப் பார்க்காமல் பேசலாம் என்பது நடையில் ஒரு சௌகரியம்.

தொண்ணூற்றெட்டில் பார்கவிக்கு ஏழாம் மாதம். வயிற்றிலேயே குழந்தை நின்றுபோயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் புருஷனே ஸ்கூட்டரில் வந்தான். அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று அழுகிறாள், ஒரு அரை மணி நேரம் போதும், நானே கொண்டுவந்து விட்டுவிடுகிறேன் என்று கேட்டுக்கு வெளியே நின்று இந்தியில் சொன்னான். அன்று ஸ்வாமிநாதனின் தாயாருக்குத் திவசம். பட்டு ஈர மடிப்புடவையோடு அடுப்பின் முன்னால் வடை தட்டிக்கொண்டிருந்தாள். அடுக்களை ஜன்னல் திறந்திருந்தது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது. இன்றைக்கு முடியாது என்று ஸ்வாமிநாதன் சொன்னதும் கேட்டது. எண்ணெயில் வடை சிவந்துகொண்டிருந்தது. கரிந்துவிடப் போகிறதே என்று அவள் அதைத் திருப்பிப் போட்டாள்.

"திருப்பிப் போட்டேன் பவுன். அதுதான் பண்ணினேன். நாளைக்குப் போலாம்னு நினைச்சேன். மறுநாள் ஏதோ வேலை. அதுக்கு மறுநாள் என்ன மூஞ்சியை வெச்சுண்டு போறதுன்னு ஆயிடுத்து."

பவுன் தலைப்பால் முகத்து மண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று பட்டு எதிர்பார்த்திருந்தாள்.

"தாபோடில கால புடிச்சிதே, அதானே அது?"

"ம்."

"அவ நிமுந்து பாக்கல."

"பாக்கலை."

"நானா இருந்தாலும் பாத்திருக்க மாட்டேன்க்கா" என்றாள் பவுன்.

கசப்பாகத்தான் இருந்தது. ஆனால் பொய்யில்லாத ஒன்றைக் கேட்டு எத்தனையோ வருஷமாயிற்று என்று பட்டுவுக்குத் தோன்றியது.

மாலையில் கூடாரத்தின் முன்னால் அமர்ந்து பட்டு கேட்டாள், நடந்து முடித்துத் திரும்பிப் போனதும் பவுன் என்ன செய்வாள் என்று.

"பட்டறையில பூச வெப்பாங்கோ. என் கையில செம்பு குடுப்பாங்கோ. தண்ணிய சேட்டு கையில ஊத்தி, நடந்ததெல்லாம் உங்களுக்கேன்னு சொல்லணும்."

"சொல்லிடுவியா?"

"சொல்லிருவேன். வாய்தானே. நடந்தது என் காலுல கெடக்குது, அத எவன் வந்து எடுத்துக்க முடியும்? சேட்டும் கண்ண மூடிக்கினு வாங்கிக்குவாரு." பவுன் குதிகால் வெடிப்பில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "ஊத்தலன்னா அடுத்த நாளு எனக்கு அரம் கெடைக்காதுக்கா. எனக்கு வேல வோணும், ஊத்துறேன். உங்களுக்கு இன்னா வோணும்?"

ஐம்பது வயதில் அந்தக் கேள்வியை முதல் தடவையாக ஒருத்தி பட்டுவிடம் கேட்டிருந்தாள்.

பாராமதியில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து வீட்டுக்குப் பேசினாள். எடுத்ததுமே ஸ்வாமிநாதன், பீரோ சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு போய்விட்டாயே என்று குறைப்பட்டார். புடவைத் தலைப்பைத் தொட்டுப் பார்த்தாள். ஆமாம், முடிச்சில் இருந்தது. பழக்கம். பிறகு அவர் விஷயத்துக்கு வந்தார். பத்ரிக்கு ஒரு இடம் வந்திருக்கிறது. சென்னைக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருகிறார்கள். ஆகையால் வெள்ளிக்கிழமை ஸராட்டியில் நீரா நதிக் கரைக்குக் காரில் வந்துவிடுவதாகவும், ஜலம் விடுவதை அங்கேயே முடித்துக்கொண்டு அவளைக் கூட்டிப் போய்விடுவதாகவும் சொன்னார். மீதியை நேரில் பேசிக்கொள்ளலாம், யூனிட் ஓடுகிறது என்று அவரே வைத்தார்.

கரும்பு வயல்களினூடே சணஸர், நிம்காவ், இந்தாபூர் என்று மூன்று நான்கு நாள் போயிற்று. பவுன் துளசி மாடம் சுமக்கும் முறை வந்தபோது, பாதி தூரத்தில் பட்டு கேட்டு வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். கழுத்து இறுகியது. தலையில் பாரம் இருந்தால் நினைப்பு ஓடாது என்று தெரிந்துகொண்டாள். வெள்ளிக்கிழமை வருவதைப் பற்றி இருவரும் பேசவில்லை. ஒரு தடவை மட்டும் பவுன், கொப்புளமெல்லாம் காய்ந்து தோல் கெட்டிப்பட்ட பிறகு காரில் ஏறிப் போவது நஷ்டம் என்றாள்.

ஸராட்டியில் நீரா பாதி வற்றி ஓடிக்கொண்டிருந்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் புணே ஜில்லா, அந்தப் பக்கம் ஷோலாப்பூர். பாலத்தில் பால்கி ஏறக் காத்திருந்தது. கரையெல்லாம் குளிக்கிற கூட்டம். காய்கிற சேலைகளுக்கு நடுவே புகுந்து ஸ்வாமிநாதன் வந்தார், வெள்ளை வேட்டியும் துண்டுமாக, முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு. பாஸ்கர் மேலே சாலையில் மாருதி காரின் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னடி இது, கறுத்துக் கருவாடா போயிட்டே" என்றார். "ஞாயித்துக்கிழமைக்குள்ள தேறுவியா? அவா முன்னாடி இந்தக் கோலத்துல நிக்க முடியாது."

பக்கத்துக் கல்லில் உட்கார்ந்திருந்த பவுனை யாரென்று கேட்கவில்லை. பவுன் எழுந்து நாலடி தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

"இன்னும் ஆறு நாள் நடை பாக்கி இருக்கே" என்றாள் பட்டு.

"வாத்தியாரைக் கேட்டுட்டேன். எந்த நதியா இருந்தாலும் சரின்னுட்டார். பண்டரிபுரத்துக் கூட்டத்துல என்னாலே கார்கூட கொண்டுவர முடியாது. மீதி தூரத்தை மானசீகமா நடந்ததா வெச்சுக்கலாமாம்."

"யார் மானசீகமா?"

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. பையிலிருந்து பஞ்சபாத்திரத்தை எடுத்தார், உத்தரணிக் கரண்டியை எடுத்தார், துண்டை விரித்து உட்கார்ந்தார். ஆற்றில் ஜலம் மொண்டுகொண்டு வரச் சொன்னார். அவள் போய் மொண்டு வந்தாள். எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னொண்ணு" என்றார், குரலை முடிந்தவரை தணித்துக்கொண்டு. "அவா ஏதாவது கேட்டா உளறி வைக்காதே. பத்ரி ஒரே பிள்ளைன்னு சொல்லியிருக்கேன்."

"வாயாலயா?"

"ஜாதகத்தோட ஒரு குறிப்பு எழுதி அனுப்பினோமில்லே, அதுலயும்தான். உடன்பிறந்தோர் இல்லைன்னு. என்ன பண்ணச் சொல்றே? இருக்கான்னு எழுதினா எங்கே இருக்கா, யாரோட இருக்கான்னு கேப்பா. உன் பிள்ளைக்குத்தானே பாக்கறேன்."

பட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பின முகம். அவ்வளவுதான்.

"நாழியாறது. ம், எடு" என்று வலது உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

அவள் உத்தரணியை எடுத்தாள். அதில் கொள்வது ஒரு மிடறு. ஒரு பெண்டாட்டி தன் கையால் ஜலம் விட வேண்டிய நேரம் ஆயுசில் ஒன்று உண்டு. புருஷன் பெண்ணைத் தாரை வார்க்கும்போது பக்கத்தில் நின்று அவள்தான் ஊற்ற வேண்டும். அந்த ஜலத்தை அவள் விட்டதேயில்லை. அதற்குப் பதிலாகக் கொல்லையில் துண்டு எடுத்துக் கொடுத்தாள்.

"ந மம. சொல்லேன்."

இந்த நடையைப் பார்கவிக்கென்று வைத்துக்கொள்ளலாமா என்றால், அவள் இதைக் கேட்கவில்லை. கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள மாட்டாள். இரண்டு லட்டைக் கொடுத்துவிட்டு நகர்ந்து போகிறவள். அது பட்டுவுக்குத் தெரிந்துதான் இருந்தது. யாருக்கும் உதவாத நடை. ஆனாலும் ஈரத் தாரில் பட்ட விரல் இது. வெந்த கால் இது. இதை என்னுடையதல்ல என்று சொல்ல வாய் வரவில்லை.

உத்தரணியைச் சரித்து ஜலத்தைப் பஞ்சபாத்திரத்திலேயே திரும்ப விட்டாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். தலைப்பு முடிச்சை அவிழ்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. புழுதியும் வேர்வையும் சேர்ந்து இறுகியிருந்தது.

"பீரோ சாவி" என்றாள், நீட்டியிருந்த அவர் உள்ளங்கையில் வைத்தபடி. "வெள்ளி டம்ளர் மேல் தட்டுல பழைய துண்டுல சுத்தி வெச்சிருக்கேன். வரவாளுக்கு அதுல காபி குடுங்கோ. பொடி தீர்ந்திருக்கும், புதுசா வாங்கிக்கோங்கோ."

"என்னடி பேசறே? நீ வந்து கலந்து குடுக்கப் போறே."

"நான் வரலே."

"சரி, வராட்டாப் போ. ஜலத்தை விட்டுட்டுப் போ. அது ஒரு நிமிஷ வேலை."

"அது முடியாது."

சத்தமாகச் சொல்லவில்லை. பக்கத்தில் சேலை பிழிந்துகொண்டிருந்தவள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பாலத்தில் தாளம் தொடங்கியது. கூட்டம் எழுந்தது. பவுன் துளசி மாடத்தைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு, ஒரு கையால் பட்டுவின் மூட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பட்டு எழுந்து, மடிந்திருந்த கால் நிமிரும் வரைக்கும் ஒரு கணம் நின்றுவிட்டு, மேட்டில் ஏறினாள். கீழே ஸ்வாமிநாதன் இன்னும் கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் ஜலம் இருக்க வேண்டிய இடத்தில் சாவி இருந்தது. கவிழ்த்தால் சிந்திவிடுமோ என்பது போல அவர் அதை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.